கொடுத்தவரிடம் யாரும் சொல்லவில்லை

தஞ்சை ஜில்லாவின் எந்தக் கிராமத்திலும், ஏழு மாதமான கர்ப்பிணியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்த் திரும்புகிற தாயாரையோ மாமியாரையோ வழியில் நிறுத்தி, "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரத்தம் கம்மியா இருக்காம்." ஊருக்கெல்லாம் சோறு போடும் பூமி என்று பெயர் பெற்ற இந்தக் காவிரிப் படுகையில், நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதுமாக முழங்கால் சேற்றில் நின்று அந்தச் சோற்றை விளைவிக்கிற பெண்களின் உடம்பிலேயே இரத்தம் குறைந்திருக்கிறது என்பது, நாம் பழகிப்போனதால் துயரம் என்றே உணராமல் விட்டுவிட்ட துயரங்களில் ஒன்று. வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமும், அடுத்தடுத்து வரும் பிரசவங்களும், வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பதால் தொற்றும் கொக்கிப் புழுவும் சேர்ந்து செய்கிற வேலை அது. முதலில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். நாள் நெருங்கியும் பலன் தெரியாவிட்டால், "ஒரு பாட்டில் ஏத்திடலாம்" என்கிறார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பை வந்து பல வருஷங்கள் ஆகியும் பாட்டில் என்ற சொல் மட்டும் நம் ஜனங்களின் நாவை விட்டுப் போகவில்லை.

அந்தப் பையில் இருப்பது முகம் தெரியாத இன்னொருவரின் உடம்பிலிருந்து வந்தது. அவர் யார், அவருக்கு என்ன, அவரிடம் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் ஏற்றிக்கொள்கிறவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாதபடி, அவளுக்காக மற்றவர்கள் விழித்திருந்து காவல் காக்க வேண்டும் என்பதுதான் இரத்த வங்கி என்னும் ஸ்தாபனத்தின் அர்த்தம்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் தேதி, விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரண்டாவது பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். அவளிடமும் "ரத்தம் கம்மியா இருக்கு" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஏறிய இரத்தம் நவம்பர் 30-ஆம் தேதி சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியில், உறவினர் ஒருவருக்காகக் கொடுப்பதாக எண்ணி வந்த 19 வயது இளைஞர் ஒருவர் கொடுத்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இது ஏதோ கண்டறிய இயலாத நிலையில் மறைந்திருந்த கிருமியும் அல்ல. 2016-ஆம் ஆண்டிலேயே ஒரு முகாமில் அவர் இரத்தம் கொடுத்தபோது பரிசோதனையில் தெரியவந்த கிருமி. ஆனால் அந்தச் செய்தி அவரைச் சென்று சேரவில்லை. இரண்டு வருஷ காலம், தம் உடம்பில் என்ன இருக்கிறது என்பதை அறியாமல், அறிந்திருந்தால் அன்றே தொடங்கியிருக்கக்கூடிய மருந்தும் இல்லாமல், அந்த இளைஞர் வேலைக்குப் போய்க்கொண்டும் உற்றார் உறவினருக்கு உதவிக்கொண்டும் நடமாடியிருக்கிறார். இரண்டாம் முறை சிவகாசியில் கொடுத்தபோது, தடுத்திருக்க வேண்டிய பரிசோதனையும் தடுக்கவில்லை.

உண்மை எப்படி வெளியே வந்தது என்பதைத் தமிழ்நாடு மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகத் தனியார் ஆய்வகத்தில் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்ட அந்த இளைஞர், முடிவைக் கண்டு கலங்கிய அந்த நேரத்திலும், தாம் சில நாட்களுக்கு முன் கொடுத்த இரத்தத்தை நினைத்துப் பார்த்து, அதை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் அது ஏற்றப்பட்டுவிட்டது. செய்தி நாடெங்கும் பரவிற்று. அபவாதத்தின் பாரம் முழுவதும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலைமேல் இறங்கிற்று. அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் டிசம்பர் 30-ஆம் தேதி இறந்துபோனார்.

ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்தத் தாய்க்கு 2019 ஜனவரி 17 அன்று அதே மதுரை மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. உடனே சிகிச்சை தொடங்கியிருந்தபடியால், பிறகு நடந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று காணப்படவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தத் தாய்க்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் செய்யக்கூடியதைச் செய்தது. ஆனால் அந்த இளைஞருக்கு என்ன பரிகாரம்? அந்த நீண்ட சங்கிலியில், முகாமிலிருந்து ஆய்வகம் வரை, ஆய்வகத்திலிருந்து வார்டு வரை, எத்தனையோ கைகள் இருந்தன; தாமாக முன்வந்து உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவரே. அவரைக் குற்றவாளியாக எண்ணியவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அவரும் பாதிக்கப்பட்டவரே, இன்னும் சொல்லப்போனால், முதலில் பாதிக்கப்பட்டவர் அவர்தான்.

இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. இரத்தத்தின் பாதுகாப்பு வேறு, நோயுற்றவர்களுக்கு ஆதரவு வேறு என்று நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முன்னதை விஞ்ஞானம் என்றும் பின்னதைத் தருமம் என்றும் எண்ணுகிறோம். அப்படி அல்ல. கிருமி உடையவர் அஞ்சாமல் வாய் திறக்கக்கூடிய ஊரில்தான் இரத்தம் சுத்தமாக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த நோயின் இந்திய சரித்திரத்துக்கும் ஆதியிலிருந்தே தொடர்பு உண்டு. 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவி நிர்மலா, அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்து, வைக்க வேறு இடமின்றித் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, பனிக்கட்டியோடு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டு போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது, ஆறு பேரின் இரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று நிம்மதியாக இருந்த தேசத்துக்கு அது பேரிடி. அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த இரு பெண்மணிகளின் துணிவுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. சுனிதி சாலமன் அம்மையார் பின்பு 1993-இல் சென்னையில் ஒய்.ஆர். கைதொண்டே மையத்தை நிறுவி, பிற மருத்துவர்கள் தொடவே அஞ்சிய நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை செய்தார். ஆயினும் அந்த முதல் சம்பவத்தில் ஒன்று என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரத்தம் கொடுத்த அப்பெண்களுக்கு, அது எதற்கான பரிசோதனை என்று சொல்லப்படவில்லை; நிர்மலா அவர்களே பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்திருக்கிறார். சொன்னாலும் விளங்கிக்கொள்ளக்கூடிய சொற்கள் அக்காலத்தில் யாரிடமும் இல்லை. 1986-க்கு அந்தச் சமாதானம் பொருந்தும், 2016-க்குப் பொருந்தாது.

அந்த நாட்களில் நம் ஊர்களில் இரத்தம் எப்படிக் கிடைத்தது என்பதை இளைய தலைமுறை அறியாது. எண்பதுகளின் நடுவில் என் தமக்கையின் பிரசவத்தின்போது உதிரப்போக்கு நிற்காமல், "உடனே ரெண்டு பாட்டில் வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். டெல்டாவின் ஒரு நகரம். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்த ஒருவர், என் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, அரை மணி நேரத்தில் ஓர் ஆளைக் கொண்டு வந்து நிறுத்தினார். ஒட்டிய கன்னமும் கலங்கிய கண்ணுமாக இருந்த அந்த மனிதரின் முழங்கை மடிப்பில், கறுத்துத் தடித்துப்போன ஊசித் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வெற்றிலை போட்டவர் எடுத்துக்கொண்டார். மற்றவர் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, நிழலில் சற்று உட்கார்ந்து எழுந்து போனார். அக்கா பிழைத்தாள், தெய்வாதீனமாக வேறு எந்தத் தீங்கும் அவளுக்கு நேரவில்லை. அவளுக்கு வந்திருக்கக்கூடிய நோய்களைப் பற்றிப் பின்பு தெரிந்தபோது நாங்கள் எல்லோரும் நடுங்கினோம். ஆனால் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இன்றுவரை பேசியதில்லை. ஒட்டிய கன்னத்தோடு வந்த அந்த ஆளிடம் இன்னும் கொஞ்சம் இரத்தத்தை வாங்கிக்கொண்டுதான் நாங்கள் வீடு திரும்பினோம்.

இரத்தப் பைகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை 1989-இல் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் விற்பனை நின்றபாடில்லை. பசிக்காக விற்கிறவன் நேற்றும் விற்றிருப்பான், நாளையும் விற்பான். கேட்கிற கேள்விக்கு உண்மை சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் உண்மை சொல்ல மாட்டான். இரத்த வியாபாரத்தின் அபாயம் ஏழையின் குணக்கேட்டில் இல்லை. உண்மைக்குப் பட்டினி என்று விலை வைத்த ஏற்பாட்டில் இருந்தது. 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாடி, 1996 ஜனவரி 4-ஆம் தேதி கிடைத்த தீர்ப்பின் பலனாகத் தேசிய இரத்த ஏற்றக் கவுன்சில் அமைந்தது. 1998 ஜனவரி 1 முதல் இரத்தத்தை விலைக்குக் கொடுப்பது இந்தியாவில் ஒழிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் சுகாதார சரித்திரத்தில் இதற்கு இணையான நல்ல காரியங்கள் சிலவே என்பது என் அபிப்பிராயம். தானமாகக் கொடுக்கும் இரத்தத்தில் தமிழ்நாடு இன்று நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. தஞ்சாவூரின் பழைய மருத்துவமனை, ராஜா மிராசுதார் மருத்துவமனை என்று தன் பெயரிலேயே கொடையைச் சுமந்து நிற்பது. இந்த மண்ணின் பிள்ளைகளைக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

விலை ஒழிந்தது, நிர்ப்பந்தம் முற்றும் ஒழியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால், "உங்க ஆளுங்க ரெண்டு பேரு வந்து குடுத்துடுங்க" என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தத் தாழ்வாரத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். உள்ளே மாமனார் படுத்திருக்கிறார். வெளியே மைத்துனர்களும் சகலைகளும் பங்காளிகளும் கூடி நிற்கிறார்கள். "மாப்பிள்ளை, நீங்க குடுங்க, நீங்கதான் திடமா இருக்கீங்க" என்று ஒருவர் சொல்கிறார். அந்த மாப்பிள்ளை லாரியோடு மாதக்கணக்கில் வெளியூரில் சுற்றுகிறவராக இருக்கலாம். அவர் மனத்தில் யாரிடமும் சொல்லாத சந்தேகம் ஒன்று இருக்கலாம். மறுத்தால் "ஏன்?" என்பார்கள். அந்த "ஏன்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சி, அவர் உள்ளே போய், படிவத்தில் இருக்கும் கேள்விகளுக்கெல்லாம் "இல்லை", "இல்லை" என்று குறியிட்டுவிட்டுக் கையை நீட்டுகிறார். அவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு தனியறையும், கொடுத்து முடித்தபின்கூட "என் இரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்று அந்தரங்கமாகச் சொல்லிவிட்டுப் போக ஒரு வழியும், நாம் அவருக்கு அமைத்துக் கொடுத்தோமா?

பரிசோதனைதான் இருக்கிறதே, யார் என்ன சொன்னால் என்ன என்று கேட்கலாம். நாற்றங்கால் விட்டவர்களுக்கு இதன் பதில் எளிதில் விளங்கும். விதை தெளித்த அன்று மாலை வரப்பில் நின்று பார்த்தால் வெறும் சேறுதான் தெரியும். விதை இல்லை என்று அதற்கு அர்த்தமாகாது. கிருமி உடம்பில் புகுந்தபின் அதற்கு எதிரான பொருள் இரத்தத்தில் உண்டாகிப் பரிசோதனையில் தென்படுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அந்த இடைவெளியில் எடுத்த இரத்தம் பரிசோதனையில் சுத்தமாகத் தோன்றும். ஏற்றப்பட்டவருக்கோ நோயைக் கொடுத்துவிடும். கிருமியின் மரபணுப் பொருளையே நேராகத் தேடும் 'நாட்' என்னும் பரிசோதனை அந்த இடைவெளியைச் சுமார் பத்து நாளாகச் சுருக்குகிறது. செலவு மிகுந்த அப்பரிசோதனை நம் நாட்டில் இன்னும் சட்டப்படி கட்டாயமாக்கப்படவில்லை. கட்டாயமாக்கத்தான் வேண்டும். மாவட்டந்தோறும் இயந்திரம் வைக்க இயலாவிட்டால், தஞ்சாவூர் போன்ற மையத்தில் ஒன்றை நிறுவி, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய இடங்களிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவந்து பார்ப்பது ஆகாத காரியம் அல்ல. அந்த இயந்திரமும் சில நாட்கள் குருடாகவே இருக்கும். அந்தச் சில நாட்களில் இரத்தத்தைக் காப்பது கொடுப்பவரின் நா ஒன்றுதான்.

கிருமியுள்ள இரத்தம் ஒரு பை ஏறினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நோய் தொற்றிவிடும். நோய் பரவும் வழிகளில் இத்தனை நிச்சயமான வழி வேறில்லை. அதனால்தான், இரத்தம் ஏற்றியதால் தொற்றியவர்கள் நோயுற்றோரில் சிறு பங்கினரே ஆனாலும், இவர்களின் துன்பம் தனித்து நிற்கிறது. 2014 அக்டோபர் முதல் 2016 மார்ச் வரை பதினெட்டு மாதங்களில் இந்தியாவில் 2,234 பேர் இரத்தம் ஏற்றியதால் நோயுற்றதாகக் கூறியிருந்தனர் என்று, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அளித்த பதில் சொல்லிற்று. இங்கிலாந்தில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும், ஹீமோபீலியா என்னும் இரத்தம் உறையாக் குறை உள்ள சிறுவர்கள் உட்பட, முப்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் அசுத்தமான இரத்தத்தாலும் இரத்தப் பொருள்களாலும் எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சிக் கிருமியையும் அடைந்தார்கள். அமெரிக்காவில் காசுக்காகக் கொடுத்தவர்களிடமும் சிறைக் கைதிகளிடமும் திரட்டிய பிளாஸ்மா அந்த இரத்தப் பொருள்களில் பெரும் பங்கு. 2024 மே 20-ஆம் தேதி நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அத்துயரம் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடியது என்றும், அரசும் மருத்துவ நிர்வாகமும் உண்மையை மறைத்தன என்றும் தீர்ப்புரைத்தது. அதற்காக அந்த ஜனங்கள் நாற்பது வருஷம் காத்திருந்தார்கள். காத்திருந்தபோதே பலர் இறந்துபோனார்கள்.

இனி நம் ஊர்க்காரர்களிடம் வருவோம். கிருமி உடையவர்களுக்கான கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் முதல் அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. தாம்பரம் சானடோரியம் அது முதலில் ஆரம்பித்த இடங்களில் ஒன்று. நம் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிடைக்கிறது. மருந்தைத் தவறாமல் உண்பவர் ஏனையோரைப் போல் நீண்ட நாள் வாழ்கிறார். இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தபின் அவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்கும் தொற்றுவதில்லை. ஆனாலும் அவர் ஒருபோதும் இரத்தம் கொடுக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருந்து மலிந்துவிட்டது, அச்சம் குறையவில்லை. சொந்த ஊர் மையத்தில் தெரிந்த முகம் எதிர்ப்படுமே என்று அஞ்சி, இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறவர்கள் உண்டு. வேதாரண்யத்துக்கு அப்பால் கடைமடையில் கூலி வேலை செய்யும் ஒரு விதவை, நடவு நாளில் ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து, எங்கே போகிறாய் என்று கேட்கும் அண்டை வீட்டாருக்கு ஏதோ ஒரு பொய்யையும் சொல்லிவிட்டுத்தான் அந்த மாத்திரையைப் பெற முடிகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று கேட்பதல்லவா நம் வழக்கம்? சட்டங்களையும் திட்டங்களையும் குறித்தும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். 2017-இல் நிறைவேறிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் இந்நோயைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கலாகாது என்கிறது. ஒருவரது நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்கிறது. மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது. அது அமலுக்கு வந்த தேதி 2018 செப்டம்பர் 10. சாத்தூர்ச் சம்பவம் நடந்தது மூன்று மாதத்துக்குள்.

சட்டத்துக்கு வெகு காலம் முன்பே அஞ்சாமல் வாய் திறந்து காட்டியவர்கள் நோயுற்றவர்களே. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் வழியாகக் கிருமி வந்ததை அறிந்து, பெயரையும் முகத்தையும் மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார். 1998-இல் மேலும் சில பெண்களோடு சேர்ந்து நோயுற்ற பெண்களுக்கென்றே ஓர் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். அவர் பேசியபின் எத்தனை பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பதைக் கணக்கெடுக்க முடியாது. ஆயிரம் விளம்பரப் பலகைகள் எழுப்பிய அச்சத்தைக் காட்டிலும், ஒரு பெண்ணின் திறந்த முகம் இந்த மாநிலத்தின் இரத்தத்தை அதிகமாகப் பாதுகாத்தது என்று நான் திடமாக நம்புகிறேன்.

ஆகவே செய்ய வேண்டியவை எவை என்று கேட்டால், முதலாவது, கிருமி கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்து, அந்தரங்கமாக, அன்பாக, நேரில் சொல்லி, 'நம்பிக்கை மையம்' என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறோமே, அங்கே கையைப் பிடித்து அழைத்துப்போய் விடுவது. பையைக் குப்பையில் எறிந்ததோடு இரத்த வங்கியின் கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது. முகாமில் நூறு பேரிடம் இரத்தம் எடுக்க ஆள் இருக்கும்போது, பின்பு ஒருவரைத் தேடிப் போக ஓர் ஆள் இல்லை என்பதை ஏற்க முடியாது. உறவினரை நிர்ப்பந்திக்கும் வழக்கத்தை நிறுத்துவது அடுத்தது. அதற்கு முகாம்கள் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும்; நாமோ ஜூன் 14, அக்டோபர் 1 என்று ஆண்டில் இரண்டு இரத்த தான தினங்களைக் குறித்துக்கொண்டு அன்றே முகாம்களைக் குவிக்கிறோம். சிவப்பணுக்கள் முப்பத்தைந்து முதல் நாற்பத்திரண்டு நாளுக்கு மேலும், தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேலும் இருக்கமாட்டா. கல்லூரிகள் மூடியிருக்கும் சித்திரை வைகாசியில் வங்கி வறண்டு போகிறது; அப்போதுதான் தாழ்வாரத்தில் மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள். பருவம் பார்த்து மூன்று போகம் விளைவித்த ஜனங்களுக்கு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முறைவைத்துக் கொடுப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இவை எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது ஒன்று இருக்கிறது: அநாவசியமாக ஏற்றாமலிருப்பது. விபத்தில் சிதைந்தவனுக்கும், பேறுகாலத்தில் உதிரம் நில்லாதவளுக்கும், வயலில் கண்ணாடி விரியன் கடித்து இரத்தம் உறையாமல் அதிகம் வெளியேறியவனுக்கும் ஏற்றத்தான் வேண்டும். ஏழாம் மாதத்தில் "ஒரு பாட்டில்" என்று எழுதும் நிலைக்கு ஒரு பெண் வந்து சேர்வதை, அவளுடைய பதின்மூன்றாம் வயதிலேயே தடுத்திருக்கலாம். முருங்கைக்கீரை கொல்லையில் இருக்கிறது; மாத்திரை சுகாதார நிலையத்தில் இருக்கிறது; அவள் தட்டில் சோறு விழுகிற முறை மட்டும் மாறவில்லை. சாத்தூர்ப் பெண்ணின் துன்பம் ஆய்வகத்தில் தொடங்கவில்லை. "ரத்தம் கம்மி" என்ற இடத்தில் தொடங்கியது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இரத்தம் கொடுக்கப் போகும்போது உங்களிடம் ஒரு படிவம் நீட்டப்படும். பெயர், வயது, எடை, காமாலை வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டபின், பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்திட்டுக் கடந்துவிடும் இடத்தில், பரிசோதனையில் ஏதேனும் குறை தெரியவந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். சரியான முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, அந்தக் கேள்விக்கு நேரே "ஆம்" என்று குறியிடுங்கள். ஒரு மாதம் கழித்தும் யாரும் பேசாவிட்டால், நீங்களே போய்க் கேளுங்கள்.